அலுமாரிக்குப் பின்னால் வரும் கறுப்பு: வெள்ளவத்தை வாசகிக்கு ஒரு பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வந்து இரண்டு வருடம். படுக்கையறையில் வெளிச்சுவரோடு நிற்கும் அலுமாரிக்குப் பின்னால் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். டிசம்பரில் பெயின்ட் அடித்தோம், சித்திரை வருசத்துக்கு முன்னமே திரும்ப வந்துவிட்டது. அதே அறையில் குளியலறைப் பக்கச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக மா மாதிரி உதிர்கிறது. ஆறு வயது மகனுக்கு இரவில் முட்டு வருகிறது. அவனுக்கு வேர்க்கக் கூடாதென்று ஏசியை 18 இல் போடுவேன், காலையில் எழும்பியதும் காற்று வரட்டும் என்று யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். வீட்டுக்காரரோ, வீட்டைப் பூட்டி வைத்திருப்பதால்தான் இப்படி என்கிறார். ஒரு கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு மருந்து புகைக்க 85,000 ரூபாய் கேட்கிறார். கொரோனா காலத்தில் சொன்ன கறுப்புப் பூஞ்சை இதுதானா? எந்த மருந்து பூசலாம்? வீடு மாற வேண்டுமா? என் கூறைச் சேலையிலும் புள்ளி விழுந்திருக்கிறது, அதைக் காப்பாற்ற வழி உண்டா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கொரோனா காலத்தில் கறுப்புப் பூஞ்சை என்று சொன்னது மியூக்கோமைக்கோசிஸ் என்ற நோய். அதை உண்டாக்குவது வேறு கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சணம். கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களையும், ஸ்டீரொய்ட் மருந்து அதிகம் எடுத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களையும்தான் அது பெரும்பாலும் பிடித்தது. உங்கள் சுவரில் இருப்பது கொழும்பில் எந்த வீட்டிலும் ஈரம் கிடைத்தால் வருகிற சாதாரணப் பூஞ்சணமாகத்தான் இருக்கும். நிறத்தை வைத்து அது என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியிலும், பூஞ்சணம் பரவுவதற்காகக் காற்றில் விடும் நுண்ணிய வித்து இத்தனை வரை பரவாயில்லை என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் அகற்றுங்கள், வராமல் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அதனால் மாதிரி எடுத்து லாப்புக்கு அனுப்பக் காசு செலவழிக்காதீர்கள்.

அந்த 85,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். புகைத்தால் பூஞ்சணம் சாகலாம். ஆனால் செத்த பூஞ்சணமும் சுவரில் அப்படியேதான் இருக்கும், அதன் தூசிக்கும் உங்கள் மகனுக்கு மூச்சு முட்டும். சுவர் ஈரமாகவே இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் புதுசாக முளைக்கும். இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளில் ஈரம் பார்க்கிற வேலைதான் செய்கிறேன். தொடக்க காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டுக்குப் பூஞ்சணத்தைக் கழுவி, பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அதே மூலையில் அதே வட்டம். திரும்பப் போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், யன்னலுக்கு மேலே உள்ள கொங்கிறீற் தட்டில் மயிரிழை வெடிப்பு. ஒவ்வொரு மழைக்கும் அதற்குள்ளால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த வீட்டு அம்மா பெயின்ட் காசை இரண்டு தடவை கொடுத்தார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றைக்குப் பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் யாருக்கும் மருந்து எழுதுவதில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அது ஒரே வருத்தம் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாகத் தெரிகிறது. அலுமாரிக்குப் பின்னால் இருப்பது ஒன்று, குளியலறைச் சுவரின் அடியில் இருப்பது இன்னொன்று, இரண்டுக்கும் தண்ணீர் வேறு வேறு வழியால் வருகிறது.

அலுமாரியை முதலில் எடுப்போம். கொழும்பில் விடியற்காலைக் காற்று 25 பாகை அளவில், 90 வீதம் ஈரப்பதனோடு இருப்பது சாதாரணம். அந்தக் காற்று 23 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும், ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்பக்கம் வேர்ப்பது மாதிரி. நீங்கள் இரவு முழுக்க ஏசியை 18 இல் வைத்தால் காலையில் அறைச் சுவர், கட்டில், அலுமாரி, அதற்குள் இருக்கிற துணி எல்லாமே 21, 22 பாகைக்கு இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து யன்னல்களைத் திறக்கிறீர்கள். கடற்பக்கத்து ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டு அங்கேயே தண்ணீராகப் படிகிறது. திறந்த சுவர் என்றால் ஒரு மணித்தியாலத்தில் பான் காற்றுக்குக் காய்ந்துவிடும். சுவரோடு ஒட்டி நிற்கிற அலுமாரிக்குப் பின்னால் காற்றே ஓடாது, அங்கே குளிரும் போகாது, ஈரமும் போகாது. பூஞ்சணத்துக்கு வேண்டிய சாப்பாடு பெயின்டிலும் தூசியிலும் அலுமாரியின் முதுகுப் பலகையிலும் தாராளமாக இருக்கிறது. வீட்டுக்காரர் சொல்வதற்கு நேர்மாறாக, யன்னலைத் திறந்த நேரம்தான் இங்கே பிழை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, காலையில் யன்னலைத் திறந்துவிடு என்றுதான் எங்கள் எல்லாருக்கும் அம்மாமார் சொல்லித் தந்தார்கள், ஏசி இல்லாத வீட்டுக்கு அது சரியான பழக்கமும்கூட.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அலுமாரியைத் தள்ளி, தாள் ஒட்டும் அளவுக்குச் சுத்தமான ஓர் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் காலை யன்னல் திறந்து அரை மணித்தியாலம் போனபின் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வரும் ஈரம். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது வெளிச்சுவரில் வெடிப்பு, யன்னல் விளிம்பு, மேல்மாடிக் குழாய் என்று தேட வேண்டும். சில வீட்டில் இரண்டு பக்கமும் நனையும். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைச் சுவரிலும் இதே மாதிரி ஒரு தாள் ஒட்டலாம்.

அந்தச் சுவரில் உதிர்கிற வெள்ளை மா, பூஞ்சணம் இல்லை, உப்பு. விரலில் தொட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்துபோகும். பூஞ்சணம் கரையாது. சுவருக்குள் தண்ணீர் நடக்கும்போது சீமெந்திலும் செங்கல்லிலும் மணலிலும் இருக்கிற உப்பைக் கூட்டிக்கொண்டு வந்து, வெளியே ஆவியாகும் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அங்கே படிகமாக வளர்ந்து பெயின்டைத் தள்ளுகிறது, கொப்பளம் அப்படித்தான் வருகிறது. அதில் கடல் உப்பும் கலந்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாலே அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும், கொழும்பில் அந்த 75 ஐத் தாண்டாத நாள் அரிது. அதனால் கசிவை அடைத்த பிறகும் அந்த இடம் கொஞ்ச நாள் ஈரமாகவே தெரியும். உப்புப் பிடித்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுசாகப் பூசினால்தான் அது தீரும். உப்பின் மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

கசிவு குழாயிலா தரையிலா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவு படுக்கும்போது எல்லாக் குழாயையும் பூட்டி, தண்ணீர் மீற்றரைப் படம் எடுத்துவிட்டு, காலையில் யாரும் தண்ணீரைத் தொடுமுன் திரும்பப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் குழாய் கசிகிறது. நகரவில்லை என்றால் சுவரில் ஈரம் நிற்கிற எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, குளியலறை வாய்க்காலை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். கீழ் வீட்டாருக்கு முதலே சொல்லிவிடுங்கள், அவர்கள் கூரையில் சொட்டினால் சண்டை வரும். பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் ஏறினால் தரையில் நீர்க்காப்புப் போய்விட்டது, அல்லது டைல்ஸ் இடுக்கில் அடைத்த வெள்ளைச் சாந்து உதிர்ந்துவிட்டது. உங்கள் குளியலறை காய்ந்தே இருக்கும்போதும் மேலிருந்து ஈரம் இறங்கினால் மேல்மாடியைப் பார்க்க வேண்டும்.

கசிவைத் திருத்துவதெல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. மீற்றர் படம், பென்சில் கோட்டுப் படம், அலுமினியத் தாள் படம் மூன்றையும் திகதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும். கசிவு மேல்மாடியிலிருந்தோ எல்லாருக்கும் பொதுவான குழாயிலிருந்தோ வந்தால் வீட்டுக்காரர் உங்கள் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் போக வேண்டும். தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அதற்குத்தான். அங்கேயும் அசையாவிட்டால், தொடர்மாடிகளைப் பார்க்கும் அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம்.

இனி கழுவுவது. அகற்ற வேண்டிய இடம் ஒரு சதுர மீற்றர் அளவுக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம், அதைவிடப் பெரிசென்றால் ஆள் பிடியுங்கள். அன்றைக்கு மகன் வீட்டில் இருக்கக் கூடாது, முடிந்தால் இரவும் அம்மம்மா வீட்டில் விடுங்கள். என்95 முகக்கவசம், றப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஏசியையும் பான் காற்றையும் நிறுத்துங்கள், அறைக் கதவைச் சாத்தி யன்னலை மட்டும் திறவுங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ வேண்டாம், வித்து அறை முழுக்கப் பறக்கும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, நனைய விட்டு, துணியால் துடைத்தெடுங்கள். துணியை அலசி அலசித் திரும்பப் பாவிக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெயின்ட் அடித்த சீமெந்துச் சுவருக்கு இதுவே போதும். பிளீச் போட்டே ஆக வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கப், அதற்கு மேல் வேண்டாம். அந்த மணம் முட்டு உள்ள பிள்ளைக்கு ஆகாது, அதனால் உங்கள் வீட்டில் சவர்க்காரத்தோடு நிறுத்துவதையே விரும்புவேன். பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும், ஹார்பிக் மாதிரியானதையும், வினாகிரியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரீன் வாயு வரும், பூட்டிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். அமோனியா உள்ள திரவங்களோடும் பிளீச் சேரக் கூடாது.

இதை வாசிக்கிற வேறு சிலருக்காக ஒன்று: உங்கள் கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால், அதில் பிடித்த பூஞ்சணத்தை உரஞ்சவே வேண்டாம். பூஞ்சணத்தைவிட அந்த நார்த் தூசி பல மடங்கு ஆபத்து.

அலுமாரி பலா, தேக்கு மாதிரிக் கட்டைமரம் என்றால் கழுவித் துடைத்து வெயிலில் காயவிடலாம். சிப்போட் பலகை ஊதிப்போய் இருந்தால் அந்தப் பலகையை எறிந்துவிடுங்கள், உள்ளே இறங்கிய பூஞ்சணம் கழுவினால் போகாது. முதுகுப் பலகை மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள், முடிந்தால் வெளிச்சுவரை விட்டு உள்சுவருக்கு மாற்றுங்கள். அறை சின்னதென்று தெரியும், ஆனாலும் அந்த நான்கு அங்குலம் வேண்டும்.

பெயின்டுக்கு அவசரப்படாதீர்கள். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவைப் பக்கம் நான் பார்த்த வீடுகளில், தண்ணீர் வடிந்து மாதக்கணக்காகியும் செங்கல் சுவரின் அடியில் ஈரம் நின்றது. கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், அலுமினியத் தாளை ஒட்டினால் தெரிந்துவிடும். தாளுக்குப் பின்னால் ஈரம் இல்லாமல் போகும் வரை பொறுங்கள். புதுப் பூச்சுப் பூசினால் குறைந்தது 28 நாள். பெயின்டர் ஒயில் பெயின்ட் அடித்தால் தண்ணீர் வெளியே வராது என்று சொல்லுவார். உண்மைதான், அது சுவருக்குள் நின்று வேறு இடத்தால் வரும்.

அப்புறம் அன்றாடப் பழக்கம். ஏசியை 26 இல் வைத்து மெதுவாகப் பான் போடுங்கள், மகனுக்கு வேர்க்காது. எழும்புவதற்கு ஒரு மணித்தியாலம் முன் ஏசி தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். யன்னலைக் காலை ஆறு மணிக்குத் திறக்காமல், சுவர் சூடேறிய பிறகு, பத்துப் பதினொரு மணிக்கு மேல் திறவுங்கள், மழை நாளில் வேண்டாம். ஏசியின் வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவுங்கள். போட்டதும் புளித்த மணம் வந்தால் உள்ளே இருக்கும் காற்றாடியிலும் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சேர்விசுக்கு வருபவரிடம் அதைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். வெளியே ஒரு தண்ணீர் அடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

உடுப்பை அறைக்குள் காயப்போடாதீர்கள், ஒரு தோய்ப்பு உடுப்பிலிருந்து இரண்டு லீற்றர் தண்ணீர் அளவுக்குக் காற்றில் கலக்கும். புட்டு, இடியப்பம் அவிக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறந்துவிடுங்கள். ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி அந்த அறையில் வையுங்கள், விலை அதிகமில்லை. 60 க்குக் கீழே இருந்தால் நல்லது, 70 க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். கொழும்பில் யன்னலைத் திறந்து 60 க்குக் கொண்டுவர முடியாது, வெளியிலேயே அதைவிட அதிகம். அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அல்லது ஏசியில் 'டிரை' என்று இருக்கும் முறை வேண்டும். 250 வோற்ஸ் இயந்திரம் எட்டு மணித்தியாலம் ஓடினால் இரண்டு யூனிட். தென்மேற்குப் பருவ மழை தொடங்கும் மே மாதத்திலிருந்தும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் அதைப் போட்டால் போதும். வாங்குவதற்கு முன் மேலே சொன்ன பழக்கங்களை ஒரு மாதம் செய்து பாருங்கள், பலருக்குத் தேவைப்படுவதில்லை.

மகனைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், நான் வைத்தியர் இல்லை. ஈரமான பூஞ்சண வீட்டில் இருப்பது முட்டு உள்ள பிள்ளைகளுக்குக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுவரைக் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்து இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அம்மம்மா வீட்டில் நிற்கும் இரவுகளில் முட்டுக் குறைகிறதா என்று குறித்து வைத்துப் பிள்ளைகள் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு உதவும். வேலை முடியும்வரை அவன் அந்த அறையில் படுக்க வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக நிற்பேன்.

வீடு மாறத் தேவையில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அலுமாரிப் பக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது. குளியலறையை வீட்டுக்காரர் திருத்த மாட்டேன் என்று அடம்பிடித்தால் அப்போது யோசிக்கலாம். மாறினாலும் ஏசியை 18 இல் போட்டு விடியக் காலையில் யன்னல் திறந்தால் அந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

கடைசியாகக் கூறை. பட்டில் பிளீச் ஒரு சொட்டும் படக் கூடாது, இழையையே தின்றுவிடும். மழை இல்லாத ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி போல, முகக்கவசம் போட்டுக்கொண்டு பல்கனி நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள், நேர் வெயிலில் நிறம் மங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தட்டிவிடுங்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம். பிறகு பட்டு தெரிந்த டிரைகிளீனரிடம் கொடுத்து, இது பூஞ்சணக் கறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பொலித்தீன் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். நெப்தலின் உருண்டை ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது, சரிகையைக் கறுக்க வைக்கும். ஈரம் உறிஞ்சும் பைகளை அலுமாரிக்குள் தொங்கவிடலாம், ஆனால் அதில் தண்ணீர் சேர்ந்து சிந்தும், கூறைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். மேலாகப் படிந்த புள்ளி போய்விடும். ஆழ இறங்கியது ஒன்றிரண்டு மஞ்சளாக நிற்கலாம். அவை முந்தானையிலா, கொய்யகத்துக்குள் மறைகிற இடத்திலா என்று விரிக்கும்போதே பாருங்கள்.